353 பேருக்கு ஓர் இடம்: எண்ணூர் குப்பத்திலிருந்து குரூப் 4 எழுதுபவர் எப்படிப் படிக்க வேண்டும்?

வடசென்னையின் வடகோடியில், கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது முகத்துவாரக்குப்பம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனல் மின் நிலையமும் துறைமுகமும். இந்தக் குப்பத்திலும், பக்கத்தில் இருக்கும் தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம் பகுதிகளிலும் பட்டம் முடித்த பிள்ளைகளின் எதிரே பெரும்பாலும் மூன்று வழிகள்தான் இருக்கின்றன. அப்பாவோடு படகு ஏறுவது, பக்கத்துக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போவது, அல்லது 'கவர்மென்ட் எக்ஸாம்' எழுதுவது.

மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. காலை 4 மணிக்கு எழு, 14 மணி நேரம் படி, போனைத் தூக்கிப் போடு என்று சொல்லும் வீடியோக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆனால், ஒற்றை அறை வீட்டில், வேலைக்கும் போய்க்கொண்டு படிப்பவருக்கு இதில் எது உதவும்? எது சும்மா? கற்றல் குறித்த ஆய்வுகள் இதற்கு ஓரளவு தெளிவான பதில் வைத்திருக்கின்றன.

எண்கள் சொல்வது என்ன?

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) 2025 ஜூலை 12 அன்று குரூப் 4 தேர்வை நடத்தியது. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் உள்ளிட்ட பணிகளுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் சுமார் 13.89 லட்சம் பேர். அதாவது ஓர் இடத்துக்கு 353 பேர். இடங்கள் பின்னர் கூட்டப்பட்டாலும் போட்டியின் அளவு பெரிதாக மாறிவிடாது.

இந்த எண்ணைப் பார்த்தே பலர் சோர்ந்துவிடுகிறார்கள். ஆனால் இதை இன்னொரு விதமாகவும் படிக்க வேண்டும். விண்ணப்பித்தவர்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேர்வு அறைக்கே வரவில்லை. வந்தவர்களில் எல்லோரும் முழுத் தயாரிப்போடு வந்தவர்களும் அல்ல. 'எழுதித்தான் பார்ப்போமே' என்று வந்தவர்கள் ஏராளம். எனவே உண்மையான போட்டி 353 பேரோடு அல்ல. ஒழுங்காகத் தயாரான ஒரு சிறு கூட்டத்தோடு. அந்தக் கூட்டத்துக்குள் நுழைவதுதான் முதல் வேலை.

தேர்வின் அமைப்பும் தெரிந்திருக்க வேண்டும். மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். இதில் 100 கேள்விகள் தமிழ்த் தகுதி மற்றும் மதிப்பீட்டுத் தேர்வு. 75 கேள்விகள் பொது அறிவு. 25 கேள்விகள் திறனறிவும் மனக்கணக்கும். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம், அதாவது 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதி திருத்தப்படாது. பாதி மதிப்பெண் தமிழில் இருக்கிறது. தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்த குப்பத்துப் பிள்ளைக்கு இது கைகொடுக்கும் விதி.

ஆனால் அங்கேயும் ஓர் எச்சரிக்கை தேவை. 2025 தேர்வில் தமிழ்ப் பகுதி எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்ததாகத் தேர்வர்கள் பரவலாகக் குறைபட்டார்கள். 'தமிழ்தானே, பார்த்துக்கலாம்' என்ற நினைப்பு இனி உதவாது.

இந்த ஊரில் படிப்பதில் என்ன சிக்கல்?

2023 டிசம்பரை எண்ணூர்க்காரர்கள் மறக்க மாட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய்க் கழிவு ஆற்றில் இறங்கியது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பாயின. பல நாள் தொழில் நின்றது. அந்த மாதமே 26-ஆம் தேதி இரவு, உரத் தொழிற்சாலைக்கு வரும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்தது. நடுராத்திரியில் மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டை விட்டு ஓடினார்கள். அடுத்த மாதம் 30-ஆம் தேதி குரூப் 4 அறிவிப்பு வந்தது. தேர்வு ஜூன் 9.

அந்த வருடம் எண்ணூரிலிருந்து எழுதியவரும் நகரின் வேறொரு மூலையில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து படித்தவரும் எழுதியது ஒரே வினாத்தாளைத்தான். இந்த ஏற்றத்தாழ்வை எந்தப் படிப்பு உத்தியும் சரிசெய்துவிடாது. அது அரசும் தொழிற்சாலைகளும் பதில் சொல்ல வேண்டிய விஷயம். ஆனால் ஒன்று செய்யலாம்: 'எல்லா நாளும் நல்லபடியாக இருக்கும்' என்று நினைத்துத் திட்டம் போடுவதை விட்டுவிடலாம். மழை, கரண்ட் கட், வீட்டில் உடம்பு சரியில்லாமல் போவது, தொழில் இல்லாத வாரம் ஆகியவை வரத்தான் செய்யும். ஆறு மாதத் திட்டத்தில் நான்கு வாரத்தைக் காலியாக விட்டுவைப்பதுதான் இந்த ஊருக்கு ஏற்ற கணக்கு. கெட்ட வாரம் வராவிட்டால் அது திருப்புதலுக்கு உதவும்.

'படிச்சது நிக்கவே மாட்டேங்குது' - ஏன்?

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் அதிகம் கேட்கும் புலம்பல் இது. பெரும்பாலும் குறை மூளையில் இல்லை, படிக்கும் முறையில் இருக்கிறது.

ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னைத்தானே சோதித்து ஒன்றைக் காட்டினார். புதிதாகப் படித்ததில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளிலேயே நழுவிவிடுகிறது. அதன் பிறகு மறதி மெதுவாகிறது. திரும்பப் பார்க்காத பாடம் யாருக்குமே நிற்காது என்பதுதான் இதன் பொருள்.

அப்படியானால் திரும்பத் திரும்பப் படித்தால் போதுமா? அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் 2006-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். மாணவர்கள் ஒரு பாடத்தைப் படித்தார்கள். பிறகு ஒரு தரப்பு அதையே மறுபடி படித்தது. இன்னொரு தரப்பு பாடத்தை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள்: 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஆனால் ஒரு வாரம் கழித்துக் கதை தலைகீழானது. மறுபடி படித்தவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

மறுபடி படிக்கும்போது 'இது தெரியுமே' என்று ஓர் உணர்வு வரும். கண்ணுக்குப் பழகியதை மனசு தெரிந்ததாக எடுத்துக்கொள்கிறது. தேர்வு அறையில் புத்தகம் இருக்காது என்பதால் அந்த உணர்வுக்கு அங்கே மதிப்பெண் கிடைக்காது.

ஜான் டன்லாஸ்கி குழுவினர் 2013-ல் பத்துப் படிப்பு முறைகளை அலசினார்கள். அதிகப் பலன் தருபவை என்று அவர்கள் சொன்னது இரண்டைத்தான்: தன்னைத்தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது. மாணவர்கள் மிகவும் நம்பும் அடிக்கோடு போடுவது, மறுபடி மறுபடி வாசிப்பது, சுருக்கம் எழுதுவது ஆகியவை பலன் குறைவான பட்டியலில் வந்தன. நாலு கலரில் ஹைலைட்டர் வாங்கிய காசுக்கு ஒரு பழைய வினாத்தாள் தொகுப்பு வாங்கியிருக்கலாம்!

சரி, எப்படிப் படிப்பது?

*முதலில் கேள்வி, பிறகு பாடம்.* பழைய வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் டி.என்.பி.எஸ்.சி. இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. கடந்த மூன்று தேர்வுகளின் தாள்களை எடுத்து, எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி என்று ஒரு நோட்டில் குறித்தாலே பாதித் தெளிவு வந்துவிடும். எதைப் படிப்பது என்பதைவிட எதை விடுவது என்று தெரிவதுதான் நேரம் குறைவாக உள்ளவருக்கு முக்கியம்.

*மூடிவைத்து எழுது.* 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான சமச்சீர் பாடநூல்கள்தான் குரூப் 4-க்கு அடித்தளம். ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் உள்ளதை வெள்ளைத்தாளில் பத்து நிமிடம் எழுத வேண்டும். பிறகு திறந்து, விட்டுப்போனதை மட்டும் சிவப்பில் சேர்க்க வேண்டும். அடுத்த முறை திருப்ப வேண்டியது அந்தச் சிவப்பு வரிகளைத்தான்.

*இடைவெளி விடு.* இன்று படித்ததை மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், 21-ஆம் நாள் என்று சோதித்துப் பார்ப்பது எளிய ஒழுங்கு. இவை மந்திர எண்கள் அல்ல. நிக்கோலஸ் செபீடா குழுவினரின் 2008 ஆய்வுப்படி, தேர்வு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அதற்கேற்ப இடைவெளியும் நீள வேண்டும். தேர்வு அடுத்த வாரம் என்றால் ஓரிரு நாள். ஓராண்டு தள்ளி என்றால் சில வாரங்கள்.

*கணக்கைத் தினமும் தொடு.* திறனறிவின் 25 கேள்விகள் 37.5 மதிப்பெண். சதவீதம், விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, வேலை-நேரம் என்று அதன் எல்லை தெளிவானது. தினமும் பத்துக் கணக்கு, கடிகாரம் வைத்து. இதே கணக்கும் ரீசனிங்கும்தான் ரயில்வே, எஸ்.எஸ்.சி., காவலர் தேர்வுகளிலும் வருகின்றன. ஒரே உழைப்புக்கு நான்கு வாசல்.

*தேர்வு நேரத்திலேயே தேர்வு.* குரூப் 4 நடப்பது காலை 9.30 முதல் 12.30 வரை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதே நேரத்தில், ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பி முழு மாதிரித் தேர்வு எழுதிப் பார்க்க வேண்டும். 200 கேள்விக்கு 180 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட முழுதாக இல்லை. வீட்டில் நேரம் பார்க்காமல் 'எல்லாம் தெரியும்' என்று இருந்தவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

ஒரு நுணுக்கம்: இந்தத் தேர்வில் தவறான விடைக்கு நெகட்டிவ் மார்க் இல்லை. எனவே, நாலில் இரண்டை நீக்க முடிந்தால் மீதியில் ஒன்றைத் துணிந்து குறிக்கலாம். யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வில் தவறான விடைக்கு அந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழியும். ஒரு தேர்வின் பழக்கத்தை இன்னொன்றுக்குத் தூக்கிப்போகக் கூடாது.

மோட்டிவேஷன் ஏன் மூன்றாம் நாளே தீர்ந்துபோகிறது?

ராத்திரி ஒரு வீடியோ பார்த்தால் ரத்தம் சூடாகிறது. 'நாளையிலிருந்து வெறித்தனமா படிக்கணும்' என்று தோன்றுகிறது. மூன்றாம் நாள் அந்தச் சூடு இல்லை. உடனே 'நமக்கு வில் பவர் இல்லை' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஊக்கம் என்பது உணர்ச்சி. எந்த உணர்ச்சியும் ஆறு மாதம் ஒரே அளவில் நிற்காது.

கடலோரக் குடும்பங்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தினமும் மனசு துள்ளுவதால் யாரும் விடியுமுன் படகைத் தள்ளுவதில்லை. நேரம் வந்துவிட்டது, காற்று சரியாக இருக்கிறது, கூட வருபவர் கரையில் நிற்கிறார். அதனால் போகிறார்கள். மீன் படாத நாளும் உண்டு. அதற்காக மறுநாள் போகாமல் இருப்பதில்லை.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களில் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். 'நான் நன்றாகப் படிப்பேன்' என்ற பொதுவான உறுதியைவிட, 'இது நடந்ததும், இந்த இடத்தில், இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே கட்டிவைத்த முடிவு அதிகமாக நடைமுறைக்கு வருகிறது. 'ராத்திரி சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும், மொட்டைமாடியில் 20 தமிழ்க் கேள்வி' என்பது அப்படி ஒரு முடிவு. 'ராத்திரி படிக்கணும்' என்பது அப்படி அல்ல.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் ஆகியோரின் கோட்பாடு இன்னொன்றைச் சேர்க்கிறது. மனிதர்களின் ஊக்கம் நீடிக்க மூன்று வேண்டும்: இது என் முடிவு என்ற உணர்வு, நான் முன்னேறுகிறேன் என்ற உணர்வு, கூட ஆள் இருக்கிறது என்ற உணர்வு. அப்பா சொன்னதற்காக மட்டும் படிப்பவருக்கு முதலாவது இல்லை. மாதிரித் தேர்வே எழுதாதவருக்கு இரண்டாவது இல்லை. அறைக்குள் தனியாக அடைந்துகிடப்பவருக்கு மூன்றாவது இல்லை. குப்பத்தில் நாலு பேர் சேர்ந்து கோயில் திண்ணையிலோ கிளை நூலகத்திலோ உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டால், ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: சுயசோதனையும் நடக்கும், துணையும் கிடைக்கும்.

வேலைக்குப் போய்க்கொண்டே முடியுமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வார நாட்களில் தினமும் இரண்டரை மணி நேரம், ஆறு நாளுக்கு 15 மணி. ஞாயிறு மாதிரித் தேர்வும் அலசலும் 5 மணி. வாரத்துக்கு 20. ஆறு மாதத்துக்கு 26 வாரம் என்றால் 520 மணி நேரம். நான்கு வாரத்தைக் கெட்ட நாட்களுக்கு ஒதுக்கினாலும் 440 மிஞ்சும். முறையாகச் செலவிட்டால் 440 மணி நேரம் என்பது சின்ன விஷயம் அல்ல. வேலையை விட்டுவிட்டு 'ஃபுல் டைம்' உட்கார்ந்து, பாதி நேரம் டெலிகிராம் குரூப்பில் பி.டி.எஃப். சேர்ப்பவரைவிட இவர் முன்னால் இருப்பார்.

பயண நேரமும் உண்டு. எண்ணூரிலிருந்து விம்கோ நகர் வரை பேருந்து, பிறகு மெட்ரோ. 2021 பிப்ரவரியில் இந்தத் தடம் திறந்ததிலிருந்து நகருக்குள் போவது சுலபமாகிவிட்டது. அந்த நேரம் புதுப் பாடம் படிக்க ஏற்றதல்ல. நேற்றைய சிவப்பு வரிகளைக் கேள்வியாக்கி மனசுக்குள் பதில் சொல்ல மிக ஏற்றது. தூக்கத்தை மட்டும் வெட்டக் கூடாது. படித்ததை மூளை உறுதிப்படுத்துவது தூக்கத்தில்தான்.

காசு கட்டாமல் எங்கே பயிற்சி கிடைக்கும்?

வடசென்னைக்காரர்களுக்கு மிக அருகில் இருப்பது பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில் இயங்கும் தமிழ்நாடு அரசின் போட்டித் தேர்வுகள் பயிற்சி மையம். டி.என்.பி.எஸ்.சி., எஸ்.எஸ்.சி., ரயில்வே, வங்கித் தேர்வுகளுக்கு இங்கே இலவச வகுப்பு. கல்லூரி பெயரிலேயே மெட்ரோ நிலையமும் இருக்கிறது. சேர்க்கைக்கான அறிவிப்பை நாளிதழ்களில் கவனிக்க வேண்டும்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களிலும் இலவசப் பயிற்சி உண்டு. 'ஏ.ஐ.எம். டி.என்.' என்ற அரசின் யூடியூப் சேனலில் பாட வீடியோக்கள் இருக்கின்றன.

குடிமைப் பணித் தேர்வு எழுத நினைப்பவர்களுக்கு, 'நான் முதல்வன்' திட்டத்தில் நுழைவுத் தேர்வு மூலம் 1,000 பேர் தேர்வாகி, முதல்நிலைத் தயாரிப்புக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதங்கள் பெறுகிறார்கள். முதல்நிலையில் தேறினால் 25,000 ரூபாய். இதைத் தவிர, மீன்வளத் துறையும் அகில இந்திய குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையமும் சேர்ந்து ஆண்டுக்கு 20 மீனவப் பட்டதாரிகளுக்குத் தனிப் பயிற்சி தரும் திட்டமும் உண்டு. குப்பத்து வீடுகளில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டாலே விவரம் கிடைக்கும்.

எப்போது நிறுத்துவது?

யாரும் பேச விரும்பாத கேள்வி இது. மோட்டிவேஷன் வீடியோக்களில் 'விடாமுயற்சி விஸ்வரூப வெற்றி' மட்டும்தான் வரும். ஆனால் ஓர் இடத்துக்கு 353 பேர் என்ற கணக்கில், நன்றாகப் படித்தவர்களிலும் பலருக்குக் கிடைக்காது. அது அவர்களின் குற்றமும் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் வீட்டில் உட்கார்ந்து படிப்பதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை அம்மாவின் மீன் கூடையோ அண்ணனின் ஓவர்டைமோ கட்டுகிறது.

எனவே எல்லையை, தோற்ற பிறகு அழுதுகொண்டு அல்ல, ஆரம்பிக்கும் முன்பே குடும்பத்தோடு பேசி எழுதிவைப்பது நல்லது. 'இரண்டு அறிவிப்பு வரை. அதற்குள் மாதிரித் தேர்வில் இந்த மதிப்பெண்ணைத் தொடவில்லை என்றால் வேறு வழி.' முடிவை மனநிலை அல்ல, மதிப்பெண் சொல்லட்டும். கடந்த எட்டு மாதிரித் தேர்வுகளின் மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்தால், ஒரு முறை தவறினாலும் தொடரக் காரணம் இருக்கிறது. ஒரு வருடமாக ஒரே இடத்தில் நிற்கிறது என்றால், முறையை மாற்ற வேண்டும். மாற்றியும் நகரவில்லை என்றால் தேர்வை மாற்ற வேண்டும். படித்த கணக்கும் தமிழும் பொது அறிவும் எங்கேயும் போய்விடாது. அடுத்த வாசலில் உதவும்.

பெற்றோர் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. 'எத்தனை மணி நேரம் படிச்ச?' என்று கேட்பதற்குப் பதிலாக, 'இன்னைக்கு எத்தனை கேள்விக்குப் பதில் தெரிஞ்சுது, எத்தனை தப்பு?' என்று கேட்கலாம். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவாலும் கேட்க முடிந்த கேள்வி அது. அதற்குத் தினமும் உண்மையான பதில் சொல்ல முடிகிற பிள்ளை சரியான பாதையில்தான் இருக்கிறது.